மூன்று எண்ணிவிட்டுச் சொல்

பன்னிரண்டாவது வாய்தா அன்று காலை பத்து மணிக்கெல்லாம் நானும் என் மகளும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில் ஆஜர். பெயர்தான் குடும்ப நீதிமன்றம்; ஒன்றாக வந்து ஒன்றாகத் திரும்பிப் போன குடும்பம் எதையும் இந்தப் பதினான்கு மாதத்தில் நான் அங்கே பார்த்ததில்லை. எங்கள் வழக்கு எண் நூற்று நாற்பத்தேழு. சேவகர் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, எண்ணைக் கூப்பிடுவார். இரண்டே தடவைதான். அந்த நேரம் பார்த்து நீங்கள் கழிவறைக்குப் போயிருந்தால் வழக்கு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதனால் அறை வாசலில் நாங்கள் காத்திருக்கிற அந்த நடையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பழக்கும் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினோரு வருஷம் அதன்மேலேயே காலை வைத்துப் பழகி, இப்போது எங்கே உட்கார்ந்தாலும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.

"அம்மா, பெஞ்ச் ஆடுது," என்றாள் குட்டி. அவளுக்கு ஒன்பது வயது.

எழுந்து நின்றேன். நின்றால் நடக்கத் தோன்றியது. நடந்தால் நடையின் மறுகோடியில் நின்ற அவள் அப்பாவின் அருகில் போய் முடிந்தது. திரும்பி வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

அவர் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் மருந்தாளுநர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் நாலு நாள் வாயே திறக்க மாட்டார். எனக்கோ மூக்கின்மேல் கோபம், நாலு நிமிஷத்தில் கத்தித் தீர்த்துவிடுவேன். பத்து வருஷம் அவர் பேசாததையும் நான் பேசியதையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, போதும் என்று இருவருமே சம்மதித்துவிட்டோம். பிரிகிற விஷயத்தில் மட்டும்தான் நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம். தகராறு முழுக்கக் குட்டியைப் பற்றித்தான்.

அவருக்கு அடுத்த மாதத்திலிருந்து வேறு ஊரில் வேலை. ரயிலில் ஆறு மணி நேரம். அங்கே அவருடைய அக்கா வீடு இருக்கிறது, குட்டியின் வயதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், மாடியில் தனி அறை இருக்கிறது. குட்டியை அழைத்துப்போக அனுமதி கேட்டு மனு போட்டிருந்தார். இன்னும் மூன்று வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று இன்றைக்கு முடிவாகும். அவர் ஜெயித்தால் நான் என் மகளை லீவுக்கு லீவு பார்க்கலாம்.

அவருடைய வக்கீலுக்கு நான் 'ஆனால்' என்று பெயர் வைத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தாலே அந்தச் சொல்தான் முதலில் வரும். "ஆனால், கனம் நீதிபதி அவர்களே, பள்ளி விடுமுறை நாட்களில் இந்தக் குழந்தை எங்கே இருக்கிறது? வண்டியே ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியின் பின் இருக்கையில்!" போன வாய்தாவில் அவர் இப்படிச் சொன்னபோது நடையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் கத்துவேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்து வைத்தார். சொன்னது எல்லாமே உண்மை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நீதிபதி ஒரு வழி சொன்னார். அடுத்த வாய்தாவில் குழந்தையிடம் தானே தனியாகப் பேசுவார். வக்கீல்கள் இல்லாமல், பெற்றவர்கள் இல்லாமல், தன் அறையில். அதன் பிறகுதான் உத்தரவு.

அன்றே என் வக்கீலம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார். "தயவுசெஞ்சு பாப்பாவுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதீங்க. இந்த ஜட்ஜ் மேடம் பன்னெண்டு வருஷமா பிள்ளைங்ககிட்ட பேசிட்டு இருக்காங்க. சொல்லிக் கொடுத்த பிள்ளைன்னா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும். அம்மாகிட்ட எல்லாமே நல்லது, அப்பாகிட்ட எல்லாமே கெட்டதுன்னு ஒப்பிக்கும். பேசும்போது கதவையே பாத்துட்டு இருக்கும். இதெல்லாம் போதாதா?"

போதும்தான். வக்கீலம்மா எச்சரிக்கை செய்தார், நான் அதைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டேன்.

என் தொழிலே அதுதான் என்பதால் எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஒன்று, லைசென்ஸ் டெஸ்டில் தேற வைப்பது வேறு. பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் கண்ணால் மட்டும் பார்த்தால் டெஸ்ட் அதிகாரிக்குத் தெரியாது. தலையைத் திருப்பிப் பார், நீ பார்த்தது அவருக்குத் தெரியட்டும் என்பேன். எல்லாம் கச்சிதமாகச் செய்தால் அதிகாரி எங்கேடா தப்பு என்று துருவ ஆரம்பிப்பார். சின்னதாக ஒன்றைத் தவறவிட்டு நீயே திருத்திக்கொள் என்பேன். என் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் டெஸ்டிலேயே தேறிவிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆக, வாய்தாவுக்கு முந்திய மூன்று நாளும் வகுப்பு முடிந்து காரில் வீடு திரும்பும்போது குட்டிக்கும் வகுப்பு நடந்தது.

"அம்மாகிட்ட என்ன பிடிக்கலன்னு கேப்பாங்க. ஒண்ணுமே இல்லன்னு சொல்லக் கூடாது. ஒரு குறை சொல்லணும்."

"என்ன குறை?"

"நான் கத்துவேன்னு சொல்லு."

"அது நிஜமாச்சே."

"அதான் சொல்லச் சொல்றேன். அப்பாவைப் பத்தி ஒரு நல்லது சொல்லணும்."

அவள் யோசித்தாள். "அப்பா என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தருவாரு."

"அது போதும். அதுக்கு மேல வேணாம்." எனக்கு அதுவே அதிகமாகப் பட்டது. "பேசும்போது கதவைப் பாக்காத. அவங்க முகத்தைப் பாரு. அப்புறம், யார்கூட இருக்கப் பிடிக்கும்னு கேட்டாங்கன்னா டக்குன்னு பதில் சொல்லிடாத. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. எண்ணிட்டுச் சொல்லு."

"எண்ணும்போது வாய் அசையலாமா?"

"கூடாது. விரல்ல எண்ணு. மேசைக்குக் கீழ கையை வெச்சுக்க."

கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினாள். என் மாணவர்களில்கூட இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டவர் யாரும் இல்லை. வாய்விட்டுப் பாராட்டினேன். அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. மூன்று நாளும் கேள்வி கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், எங்கேயும் தடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவு பாதி திறந்தது. "நூத்தி நாப்பத்தேழு! குழந்தை மட்டும்!"

காவலர் சீருடையில் ஒரு பெண் வந்து குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். டெஸ்டுக்குப் போகிற மாணவர்கள் காருக்குள் இருந்து தலையாட்டுவார்களே, அப்படி. கதவு சாத்திக்கொண்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நடையை எத்தனை தடவை அளந்தேனோ. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படித்தேன், படித்ததையே படித்தேன். ஒரு தடவை மறுகோடிக்குப் போனபோது அவர் வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டாளா காலைல?"

"பின்னே, பட்டினியாவா கூட்டிட்டு வருவேன்?"

"அதுக்குச் சொல்லல." தன் செருப்பைப் பார்த்தபடி தொடர்ந்தார். "போன சனிக்கிழமை பாக்கறப்ப அவகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். உனக்கு எது பிடிக்குதோ அதைச் சொல்லு, அப்பா கோச்சுக்க மாட்டேன்னு."

சனிக்கிழமை என்று அவர் சொன்னது கீழ்த்தளத்துக் குழந்தைகள் அறையை. பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், அங்கேதான் அவர் குட்டியைப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் சறுக்கு, வால் இல்லாத ஒரு ஆட்டக்குதிரை, மூலையில் பதிவேட்டோடு ஒரு அம்மாள். அவ்வளவுதான் அந்த அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு இப்படி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்பதும் ஒரு வித்தைதான் என்று நினைத்தேன். என் வித்தையை விட நல்ல வித்தை என்று பயந்தும் போனேன்.

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் குட்டி வந்தாள். கையில் நீதிபதி கொடுத்த புதுப் பென்சில். உத்தரவு இரண்டரை மணிக்கு என்று சேவகர் சொன்னார். அவள் ஓடிப்போய் அப்பாவிடம் பென்சிலைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். பசிக்கிறது என்றாள்.

கேன்டீனில் கூட்டம். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையைப் பிடித்து, அவளுக்கு பன்னும் வெண்ணெயும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு எதுவும் வாங்கவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"ஃப்ரெண்டு யாருன்னு. கணக்குப் பிடிக்குமான்னு. உன்கிட்ட என்ன பிடிக்கலன்னு கேட்டாங்க, நீ கத்துவேன்னு சொன்னேன். அப்பா ஷூ பாலிஷ் சொன்னேன். கதவைப் பாக்கவே இல்லம்மா." வாய் நிறைய பன்னோடு சொன்னாள். "யார்கூடன்னு கேட்டப்ப மூணு எண்ணினேன். விரல்லதான். அவங்களுக்குத் தெரியல."

"சமத்து," என்றேன். என் குரல் எனக்கே உப்புச்சப்பில்லாமல் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "சரி, கோர்ட் முடிஞ்சிடுச்சு. இப்ப அம்மாகிட்ட மட்டும் சொல்லு. நிஜமா உனக்கு யார்கூட இருக்கணும்னு ஆசை?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே இருந்த கை மேசை விளிம்போரம் எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. அடுத்த விரலை. அதற்கடுத்ததை.

"உன்கூடதான்மா."

"குடிக்க என்ன வேணும்? டீயா, பாலா?" என்று கேட்டேன், வேறு எதையாவது கேட்டுத் தப்பிப்பதற்காக.

ஒண்ணு. ரெண்டு. மூணு. "பால்."

பால் வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. முன்னால் நின்ற குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். பாலா டீயா என்பதற்குக்கூட எண்ணிப் பதில் சொல்கிற பிள்ளையாக அவளை மூன்றே நாளில் மாற்றிவிட்டேன். என்னோடு இருக்கிறேன் என்று சொன்னாள். அது அவள் ஆசையா, என் பாடமா? இன்றைக்கு நான் ஜெயித்தால் நாளைக் காலை இவளை எழுப்பும்போது இந்தக் கேள்வியும் கூடவே எழுந்துகொள்ளும். அடுத்த நாளும் எழுந்துகொள்ளும். என் மகள் மனசில் என்ன இருக்கிறது என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன் என்று தோன்றியது.

இரண்டரை மணிக்கு நூற்று நாற்பத்தேழை முதலிலேயே கூப்பிட்டார்கள். உத்தரவு எப்படி வந்தாலும் இருக்கட்டும் என்று வக்கீலம்மா கொண்டுவரச் சொன்ன துணிப் பையோடு, குட்டியைக் கீழே குழந்தைகள் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நீதிபதிக்கு ஜலதோஷம், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வாசித்தார்.

"குழந்தை வயதுக்கு மீறிய நிதானத்தோடு பேசியது. தாய் கோபக்காரர் என்பதை அது மறைக்கவில்லை. தந்தையைப் பற்றி வெறுப்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யோசித்து, அவசரமில்லாமல், தாயுடன் இருக்க விரும்புவதாகச் சொன்னது. ஒப்பித்தது போல் இல்லாததால் அந்த விருப்பத்துக்கு இந்த நீதிமன்றம்…"

வக்கீலம்மா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். 'ஆனால்' தன் காகிதக் கட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். குட்டியின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"மேடம், நான் சொல்லிக் கொடுத்தேன்."

நீதிபதி வாசிப்பதை நிறுத்தினார். வக்கீலம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் மேடம் சொல்லிக் கொடுத்தேன். கத்துவேன்னு சொல்லச் சொன்னது நான். அவங்க அப்பாவைப் பத்தி ஒரு நல்லது சொல்லணும்னு சொன்னதும் நான். யார்கூட இருக்கணும்கிறதுக்கு எப்படிப் பதில் சொல்லணும்னுகூட நான்தான் பழக்கினேன். எல்லாத்தையும் மூணு நாளா பழக்கினேன்."

'ஆனால்' துள்ளி எழுந்தார். "ஆனால், கனம் நீதிபதி அவர்களே, இதைத்தான் நான் முதலிலிருந்தே…"

"நீங்க உக்காருங்க," என்றார் நீதிபதி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பன்னெண்டு வருஷத்துல எத்தனையோ பேர் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்கம்மா. இவ்வளவு நல்லா யாரும் சொல்லிக் கொடுக்கல." வாசித்துக்கொண்டிருந்த தாளை மடித்து ஓரமாக வைத்தார். அவள் அப்பாவிடம் திரும்பி, "நீங்க?" என்றார்.

"எதுவும் சொல்லிக் கொடுக்கலங்க."

புது உத்தரவு ஐந்தே நிமிஷத்தில் வந்தது. மூன்று வாரம் தள்ளிவைப்பு. அதுவரை குட்டி அப்பாவுடன் இருப்பாள், இதே ஊரில், அவர் இப்போது இருக்கிற வீட்டில். வாரம் ஒரு தடவை நீதிமன்ற ஆலோசகர் அவளோடு தனியாகப் பேசுவார். நான் பார்க்கக் கூடாது, போனில்கூடப் பேசக் கூடாது. சொல்லிக் கொடுத்தது அவள் மனசிலிருந்து வடிய வேண்டுமாம். அதன் பிறகு ஆலோசகர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு.

வெளியே வந்ததும் வக்கீலம்மா வெளுத்து வாங்கிவிட்டார். "கையில வெச்சுக் கொடுத்ததைக் கீழ போட்டு உடைச்சீங்களே, என்ன ஜென்மம்மா நீங்க?" பயமாக இருந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குட்டிக்காக ஒரு நியாயமான காரியம் செய்துவிட்ட நினைப்பில் படியிறங்கினேன்.

குழந்தைகள் அறையில் குட்டி ஆட்டக்குதிரைமேல் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பதிவேட்டு அம்மாள் ஒப்படைக்கும் பக்கத்தை எடுத்து வைத்தார். அவள் அப்பா வாசலிலேயே நின்றார். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, மூன்று வாரம் அப்பா வீட்டில் என்று சொன்னேன்.

அவள் முகம் சுருங்கியது. "நான் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடா கண்ணு. நீ எல்லாம் சரியாத்தான் சொன்ன. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன். நான் சொல்லிக் கொடுத்துதான் நீ பேசினேன்னு ஜட்ஜ் மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். கத்துவேன்னு சொன்னது, ஷூ பாலிஷ், என்கூட இருக்கேன்னு சொன்னது…"

"அதை நீ சொல்லிக் கொடுக்கவே இல்லையே!"

அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். பதிவேட்டு அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கத்துவதில் அவள் என் மகள்தான்.

"எண்ணிட்டுச் சொல்லுன்னுதான் சொன்ன! என்ன சொல்லணும்னு நீ சொல்லவே இல்ல! அது நானா சொன்னது! ஜட்ஜ்கூட நம்பினாங்க. நீதான் நம்பல!"

மூன்று நாளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காரில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தேடினேன். அவள் சொன்னது சரி. எப்போது சொல்ல வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் சொல்லியிருக்கிறேன். யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. சொன்னால் அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அந்த ஒரு பதிலை அவளிடமே விட்டிருந்தேன். அவளும் அதை அவளாகவே யோசித்து எனக்குக் கொடுத்திருக்கிறாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

எழுந்து ஓடினேன். இரண்டு மாடியையும் மூச்சிரைக்க ஏறினேன். நீதிமன்ற அறையில் மின்விசிறி நின்றிருந்தது. சேவகர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"மேடம்?"

"கிளம்பிட்டாங்களே."

"ஒரே ஒரு நிமிஷம் பேசணும். ஒரு விஷயம் தப்பா சொல்லிட்டேன்."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க," என்றார் அவர், கோபமில்லாமல். "மூணு வாரம் கழிச்சு வாங்க. நூத்தி நாப்பத்தேழுதானே? காலைலயே கூப்பிடச் சொல்றேன்."

திரும்பி வந்தபோது குட்டியின் பை அவள் அப்பாவின் தோளில் இருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. மகள் யார் வேண்டும் என்று கத்தியதை அவரும்தானே கேட்டார். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அவளுக்குச் சொன்னவர். கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய ஷூ நாடா அவிழ்ந்திருந்ததைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆலோசகர்கிட்ட நான் சொல்றேன்," என்றார் நிமிராமலே. "அவ சொன்னதை அப்படியே சொல்றேன்."

பத்து வருஷத்தில் அவர் பேசிய எத்தனையோ வார்த்தைகளை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதைக் கேட்டுக்கொண்டேன். தலையை அசைத்தேன்.

குட்டி என் பக்கம் திரும்பவில்லை. அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள்.

பதிவேட்டு அம்மாள் தேதி எழுதினார், நேரம் எழுதினார், பையில் இருந்த உடுப்புகளை எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஒப்படைக்கும்போது குழந்தை எப்படி இருக்குன்னு எழுதணும். என்னன்னு போட?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது. அந்தப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே அதுவேதான் இருந்தது.

"அவளையே கேளுங்க," என்றேன்.

அந்த அம்மாள் குட்டியைப் பார்த்தார். "கோவமா இருக்கேன்னு எழுதுங்க," என்றாள் அவள் உடனே. "அம்மாமேல."

அந்த அம்மாள் அப்படியே எழுதினார். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.